வன்னியில் மாரிக்கு வளவை எப்படி ஆயத்தப்படுத்துவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பல வருடம் கொழும்பில் இருந்துவிட்டு ஒட்டுசுட்டான் பக்கம் அம்மாவின் அரை ஏக்கர் வளவுக்கு வந்திருக்கிறீர்கள். தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு, ஒரு கிணறு, இரண்டு பசு, ஆறு ஆடு, பத்துப் பன்னிரண்டு கோழி. வெளிநாட்டுக்காரர் குளிர்காலத்துக்கு முன் தங்கள் பண்ணை வீட்டை ஆயத்தப்படுத்தும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நமக்கும் அப்படி ஏதும் முறை இருக்கிறதா, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

இருக்கிறது, தங்கச்சி. ஆனால் அவர்களுக்கு வருவது உறைபனி. குழாய் உறைந்து வெடிக்காமல் பார்க்க வேண்டும், வீட்டைச் சூடாக வைத்திருக்க வேண்டும். நமக்கு வருவது மாரி. ஐப்பசியில் தொடங்கி மார்கழி கடைசி வரை வாடைப் பருவம், அதாவது வடகீழ்ப் பருவக்காற்று, கொண்டுவரும் மழைதான் வன்னிக்கு ஒரு வருடத்துத் தண்ணீரில் பெரும்பங்கு. அந்த மாதங்களில்தான் வங்கக் கடலில் தாழமுக்கமும் புயலும் எழும்பும். மழை ஓய்ந்தால் தை வரை பனி. ஆகவே இங்கே ஆயத்தம் என்றால் இரண்டே வேலை. விழும் தண்ணீர் வளவை விட்டுப் போக வழி வைக்க வேண்டும். காய்ந்ததைக் காய்ந்தபடியே காப்பாற்ற வேண்டும். கூரை, விறகு, வைக்கோல், நெல், ஆட்டின் குளம்பு, அம்மாவின் நெஞ்சுச் சளி எல்லாமே இந்த இரண்டுக்குள் வந்துவிடும்.

காலம் முக்கியம். ஆவணி நடுவிலிருந்து ஐப்பசி பிறக்கும் வரை உங்களுக்குக் கிடைப்பது ஆறு ஏழு கிழமை. புரட்டாசியில் பின்னேரங்களில் இடியோடு ஒன்றிரண்டு மழை வரும். அதற்கு முன் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். மழை பிடித்த பிறகு கூரைக்கு ஆள் தேடினால் கிடைக்காது. எல்லோரும் வயலில் நிற்பார்கள்.

முதலில் தண்ணீரின் வழி. கையில் மண்வெட்டி எடுக்கும் முன் அம்மாவிடமும் பக்கத்து வளவுக்காரரிடமும் கேளுங்கள்: போன மாரியில் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது, எங்கே தேங்கியது, எத்தனை நாள் நின்றது? சுவரில் கறை இருக்கும், வேலிக் கதியாலில் சேறு காய்ந்த கோடு இருக்கும். அதைப் பார்த்தால் உங்கள் வளவு மேட்டுக்காணியா பள்ளக்காணியா என்று தெரிந்துவிடும். நாங்கள் 2010 இல் மீளக்குடியமர்ந்தபோது எனக்கு இந்த அறிவு இருக்கவில்லை. தறப்பாள் கொட்டிலைச் சுற்றி வட்டமாக வாய்க்கால் வெட்டினேன், ஆனால் அது போய்ச் சேர ஒரு வெளிவாசல் வைக்கவில்லை. முதல் பெருமழையில் வாய்க்கால் நிரம்பி, கொட்டில் ஒரு தீவுபோல ஆகி, விடிவதற்குள் உள்ளே கணுக்கால் தண்ணீர். பிள்ளைகளை மேசைக்கு மேல் இருத்தி வைத்து அந்த இரவைக் கழித்தோம். வாய்க்காலின் வாய் எங்கே என்று முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் மண்ணை வெட்ட வேண்டும்.

வீட்டின் மேட்டுப் பக்கத்தில் சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி ஒரு அடி அகலம், முக்கால் அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, இரண்டு பக்கமும் சுற்றிக் கொண்டுவந்து பள்ளப் பக்கம் விடுங்கள். வெட்டிய மண்ணை வீட்டுப் பக்கம் போட்டால் அதுவே ஒரு சிறு அணை. பக்கத்து வளவுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடாதீர்கள். மாரியில் வரும் வேலிச் சண்டைகளில் பாதி இதனால்தான். இரண்டு வீட்டாரும் ஒருநாள் சேர்ந்து நின்று, ஒழுங்கை ஓரத்துப் பொது வாய்க்கால் வரை வெட்டிவிட்டால் இருவருக்கும் நல்லது. ஒழுங்கை மதகுக்குள் பொலித்தீனும் தென்னம்மட்டையும் அடைத்திருக்கும். அதையும் அப்போதே எடுத்துவிடுங்கள். புரட்டாசியில் முதல் மழை விழும்போது குடையோடு வெளியே போய் வளவைச் சுற்றி ஒருதரம் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே இன்னும் ஒரு வெட்டு வேண்டும். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் கல்லோ உடைந்த ஓடோ பரப்பாவிட்டால் ஒரு மாதத்தில் அத்திவாரம் வெளியே தெரியும்.

குளங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 2018 டிசம்பர் 21 இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை என்று கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதி முழுதும் வெள்ளத்தில் நின்றது. தங்கள் முற்றத்தில் விழுந்த மழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தண்ணீர் திடீரென்று வந்ததுபோல இருந்தது. அது மேலே மாங்குளம் பக்கத்துக் காட்டில் விழுந்த தண்ணீர். உங்களுக்கு முத்தையன்கட்டுக் குளம். அது எப்போது வான் பாயும் (நிரம்பி வழியும்), பாய்ந்தால் எந்த வழியால் போகும் என்பதைக் கமக்காரர் அமைப்பில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டு வையுங்கள். மழைக்காலத்தில் குளத்து நீர்மட்டத்தை விசாரிப்பதை ஒரு நாளாந்தப் பழக்கமாக்குங்கள்.

அடுத்தது கூரை. தகரத்தைக் காற்று எப்போதும் தாழ்வார ஓரத்திலிருந்துதான் கிளப்பும். ஆகவே நடுக்கூரையை விட ஓரத்து ஆணிகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். துருப்பிடித்ததையும் தளர்ந்ததையும் கழற்றி, ரப்பர் வளையம் போட்ட புது ஆணி அடியுங்கள். பழைய துளையை விட்டு ஒரு அங்குலம் தள்ளி அடித்துவிட்டு, பழைய துளையைத் தார்ப்பசையால் அடையுங்கள். வளை மரத்தையும் தூணையும் கம்பியால் சேர்த்துக் கட்டுவது சின்ன வேலை, புயல் நேரத்தில் கூரையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். உரப்பையில் மண் நிரப்பி இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டி முகட்டின் இரு பக்கமும் தொங்கவிடுவார்கள். அதுவும் நல்லது. தனியாகத் தகரத்துக்கு மேல் வைத்த கல் மட்டும் வேண்டாம், காற்றில் அது உருண்டு யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. சமையல் பத்தி கிடுகு என்றால் புதுக் கிடுகு வேய இதுதான் நேரம்.

வீட்டுக்கு மேல் சாய்ந்த முருங்கைக் கொப்பை வெட்டிவிடுங்கள், முருங்கை எந்தக் காற்றுக்கும் முறியும். தென்னையில் காய்ந்த மட்டை, முற்றிய காய் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். பனையைத் தொட வேண்டாம், அது நிற்கும். மின்கம்பியோடு முட்டும் கொப்புகளை நீங்களே வெட்டப் போகாதீர்கள். மின்சார அலுவலகத்துக்கு அறிவித்தால் வந்து வெட்டுவார்கள்.

கிணறு. ஆவணி, புரட்டாசியில் தண்ணீர் அடியில் கிடக்கும். அப்போது இறைத்துச் சேறு எடுத்துவிட்டால் மாரித் தண்ணீர் சுத்தமான கிணற்றுக்குள் ஊறும். ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்கிறேன்: எண்ணெயில் ஓடும் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடவே கூடாது. அதன் புகை அடியில் தங்கும். மணமும் தெரியாது, இறங்கிய ஆள் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். இயந்திரம் வெளியே இருக்கட்டும், இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டியே இறங்கட்டும்.

கிணற்றுக்கட்டு நிலத்திலிருந்து இரண்டரை மூன்று அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். மாரியில் வன்னிக் கிணறுகளில் தண்ணீர் கையால் அள்ளும் அளவுக்கு ஏறிவிடும். கட்டில்லாத தோட்டக் கிணறு வெள்ளத்தோடு ஒன்றாகிவிட்டால் எது நிலம், எது கிணறு என்று தெரியாது. அப்படி ஒன்று உங்கள் பக்கத்தில் இருந்தால் சுற்றிவர நாலு தடி நட்டு, சிவப்புத் துணி கட்டி, முள்ளும் போட்டுவிடுங்கள். குடிநீர்க் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும். குறைவாக இருந்தால் மாரி முழுதும் கொதிக்க வைத்த தண்ணீர்தான். வெள்ளம் கிணற்றுக்குள் போய்விட்டால் இறைத்துக் குளோரின் போட வேண்டும். எவ்வளவு போடுவது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லுவார், ஆனால் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று அவர் உங்களைக் கேட்பார். 10 அடி விட்டம், 10 அடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 22,000 லீற்றர். இந்தக் கணக்கை இப்போதே அளந்து கிணற்றுக்கட்டில் எழுதி வையுங்கள்.

இனி விறகு. பாலை, வீரை, முதிரை போன்ற வைரமான விறகு கொஞ்சம் ஈரம் பட்டாலும் எரியும். தென்னம்மட்டையும் பாளையும் பற்றவைக்க நல்லவை, ஆனால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஐந்து பேர், மூன்று மாதத்துக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டி விறகும் இரண்டு சாக்குச் சிரட்டையும் போதுமாக இருக்கும். ஆடியிலேயே கொத்திக் காயவிட்டு, ஆவணியில் அடுக்க வேண்டும். நிலத்தில் நேராக அடுக்காமல், கல் வைத்து, குறுக்கே இரண்டு கட்டை போட்டு ஒரு அடி உயரத்தில் அடுக்குங்கள். கறையானுக்கும் தடை, கீழே என்ன படுத்திருக்கிறது என்றும் தெரியும். அடுக்கு வீட்டுச் சுவரோடு முட்டக் கூடாது. அடுப்புக்கு மேல் பரணில் ஒரு கிழமைக்கான விறகும் பன்னாடையும் எப்போதும் கிடக்கட்டும். கையில் காசிருந்தால் 5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்றை வாங்கி, அடைமழை நாட்களுக்கென்று மட்டும் வையுங்கள்.

விறகு எடுக்கக் காட்டோரம் போகும்போது பழகிய பாதையை விட்டு விலக வேண்டாம். இது உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனால் கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போன பிறகு, யுத்தகாலத்து வெடிபொருட்கள் இன்னும் வெளியே தெரிகின்றன. துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், அந்த இடத்துக்கு ஒரு அடையாளம் வைத்துவிட்டு வந்து பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் இதை ஒருதரம் சொன்னால் போதாது, ஒவ்வொரு மாரிக்கும் சொல்லுங்கள்.

சாப்பாட்டுப் பக்கம் நம் முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு அருமையானது. கோடை வெயிலில் நாம் காயவைப்பதெல்லாம் மாரிக்குத்தான்: ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், பாகற்காய் வற்றல், முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் கருவாடு. கடலுக்குப் போக முடியாத கார்த்திகையில் மீன் விலை எங்கே நிற்கும் என்று அப்போது தெரியும். ஒழுங்கை அடைபட்டாலும் மூன்று கிழமை தாங்கும் அளவுக்கு வையுங்கள். நாலு பேருக்கு மூன்று கிழமைக்கு 25 கிலோ அரிசி. நெல்லாக இருந்தால் காய்ந்ததா என்று பல்லில் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் சரி, நசிந்தால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். மூட்டையைச் சீமெந்து நிலத்தில் வைக்காதீர்கள், சுவரிலும் சாய்க்காதீர்கள். பலகைக்கு மேல், நாலு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டு அடுக்க வேண்டும். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், வறுத்த அரிசிமா, குரக்கன் மா எல்லாம் மூடி இறுகிய போத்தலில். புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அடைத்துப் பானையில். சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டி அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

நெல்லும் உப்பும் படுக்கும் அறையின் வெளிச்சுவரோரம் இருக்க வேண்டாம். யானை அந்த மணத்துக்குத்தான் சுவரை இடிக்கிறது. உங்கள் பக்கத்துக்கு யானை வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பனம்பாத்தியை மறந்துவிடாதீர்கள். ஆவணி, புரட்டாசியில் விழும் பனங்கொட்டைகளைப் பொறுக்கி மணற்பாங்கான மூலையில் பாத்தி போட்டுவிட்டால் மாரி மழையே அதை வளர்த்துவிடும். தையில் கிழங்கு கிண்டலாம்.

இப்போது கால்நடைக்கு வருகிறேன். இதை நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் இழப்பது இதில்தான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் தமிழ்நாட்டுப் பக்கம் போனபோது நம்மிடம் பெருவெள்ளம் வரவில்லை. வந்தது இரண்டு நாள் விடாத காற்றும், வன்னி அறியாத ஒரு குளிரும். வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. வெட்டையில் நின்ற பட்டி மாடுகள்தான் அதிகம். ஏதோ தொற்று நோய் என்றுதான் முதலில் பயந்தோம். காரணம் குளிர். காலபோகம், அதாவது மாரி நெல், விதைத்ததும் வயலெல்லாம் மூடப்பட்டு மேய்ச்சல் குறையும், மாடு மெலியும். மெலிந்த மாடு நனைந்து, நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால் சூட்டைப் பிடித்து வைக்க அதனிடம் ஒன்றுமில்லை. என் வளவில் மாடு தப்பியது, இரண்டு ஆட்டுக்குட்டி போய்விட்டன. ஆட்டுக் கொட்டிலின் வடக்குப் பக்கத்தை அடைக்க அந்த வருடம் மறந்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தபோது தாய் ஆடு அவற்றை நக்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

ஆகவே கொட்டிலின் வடக்கையும் கிழக்கையும் ஓலையாலோ படங்காலோ கீழிருந்து ஆள் மார்பளவு வரையாவது இறுக்கி அடையுங்கள். கூரையோடு சேரும் இடத்தில் ஒரு அடி திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் மூத்திர நெடி தங்கி ஆட்டுக்குச் சளி பிடிக்கும். ஆட்டுக்கு நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் பனஞ்சிலாகையால் பரண் போட்டுக் கொடுத்தால் குளம்பழுகல் வராது. சிலாகைக்கு இடையில் புழுக்கை விழ இடம் வேண்டும், குட்டியின் கால் மாட்டும் அளவுக்கு இருக்கக் கூடாது. பசுவுக்குக் கொட்டில் நிலத்தைக் கிரவல் போட்டு உயர்த்தி, பின்பக்கம் சரிவு வையுங்கள். கோழிக்கூட்டில் உமி எப்போதும் உதிரியாக இருக்க வேண்டும். அள்ளிப் பிடித்தால் கட்டியாக நின்றால் மாற்றிவிடுங்கள், ஈர உமியில் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும்.

வைக்கோல் கணக்கு இப்படி. மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ என்று வைத்தால் இரண்டு மாட்டுக்கு 90 நாளைக்கு 900 கிலோ. ஆவணியில் சிறுபோகம், அதாவது கோடை நெல், வெட்டும்போது, சூடு அடித்த கையோடு, நனையாத வைக்கோலாகப் பார்த்து ஏற்றுங்கள். போரை நிலத்தில் வைக்காமல் கட்டை பரப்பி அதன் மேல் வையுங்கள். உச்சி கூம்பாக இருக்க வேண்டும், சுற்றிவர ஒரு சின்ன வாய்க்கால் வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போட வேண்டாம், எருக்கிடங்குக்குப் போகட்டும். முதல் மழைக்கு முளைக்கும் இளம்புல்லை மாடு ஆவலோடு மேயும், வயிறு ஊதும் அல்லது கழியும். காலையில் ஒரு பிடி வைக்கோல் தின்னக் கொடுத்துவிட்டு அவிழ்த்து விடுங்கள். கிளிசறியா, பூவரசு, இப்பில் இப்பில் இலை வேலியில் இருந்தால் அடைமழை நாளில் ஆட்டுக்குக் கவலை இல்லை. ஆனால் மழை நனைந்த குழையை அப்படியே போடாமல் சற்றுத் தொங்கவிட்டு வாடவைத்துக் கொடுங்கள். மாட்டுக்குத் தொண்டையடைப்பான் நோய்த் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, கோழிக்கு இராணிக்கெட் நோய்த் தடுப்பு மருந்து எல்லாம் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். கால்நடை வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

பாம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாரியில் புற்றுக்குள் தண்ணீர் போகும், பாம்பு மேட்டுக்கு வரும். மேடு என்றால் உங்கள் வீடு. வயலிலும் வரப்பிலும் பயப்பட வேண்டியது புடையனுக்கு. முழங்கால் வரை வரும் ரப்பர்ச் சப்பாத்தும் ரோச் லைற்றும் இல்லாமல் இருட்டில் இறங்காதீர்கள். வீட்டுக்குள் பயப்பட வேண்டியது கண்டங்கருவளைக்கு. அது இரவில், பாயில் படுத்து உறங்குபவரைக் கடிக்கும். நுளம்பு கடித்தது போலத்தான் இருக்கும், பல் அடையாளமும் தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலி, பிறகு இமை தானாகச் சரியும், பேச்சுக் குழறும், மூச்சுக் கஷ்டப்படும். மாரிக்காலத்தில் நிலத்தில் படுத்த ஒருவர் காரணமில்லாமல் இப்படி எழும்பினால் வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். நேரே மாஞ்சோலையில் இருக்கும் முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும். கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம், பாம்பைத் தேடி அடிப்பதில் நேரம் போக்கவும் வேண்டாம். அம்மா நிலத்தில் பாய் விரித்துப் படுக்கும் பழக்கமுள்ளவர் என்று எழுதியிருந்தீர்கள். இந்த மாரிக்கு அவருக்கு ஒரு கட்டிலும், ஓரத்தை மெத்தைக்குக் கீழ் செருகிய நுளம்பு வலையும் கொடுங்கள். மற்ற எந்தச் செலவையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்த வலை டெங்குக்கும் உதவும், ஆனால் டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. சிரட்டை, ரயர், பீலி, பூச்சாடித் தட்டு என்று தண்ணீர் நிற்கும் எதையும் கவிழ்த்துவிட வேண்டும். சேற்றில் வெறுங்காலோடு வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது, வெள்ளம் வடிந்த கையோடு வந்தது. வயலில் இறங்குபவர்களுக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் தாங்களாக அதை எடுக்கக் கூடாது. காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் நொந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பத்துப் பைக்கற், பனடோல், காயத்துக்கு மருந்து இருக்கட்டும். அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருந்தால் மார்கழிப் பனிக்கு அது கூடும். கிளினிக் மருந்து ஒரு மாதத்துக்கு மேலதிகமாக இருக்கும்படி பாருங்கள்.

மின்சாரம் போகும், சில வேளை நாலைந்து நாள். ரோச், பற்றரி, தொலைபேசிக்கு ஏற்றி வைத்த பவர் பாங்க், ஒரு அரிக்கன் லாம்பு போதும். தண்ணீர் மோட்டரைக் கிணற்றடி நிலத்திலிருந்து இரண்டு அடி மேடைக்கு ஏற்றிவிடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால் முதல் வேலை மெயின் சுவிட்சை நிறுத்துவது, கால் நனையும் முன்பே.

மாரி இழப்புக்கு மட்டுமான காலமல்ல, வளவுக்கு உயிர் வருவதும் அப்போதுதான். ஐப்பசியில் நட்ட தென்னங்கன்றுக்கு மூன்று மாதம் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வேலி பொத்தல் விழுந்த இடமெல்லாம் கிளுவை, பூவரசு, முருங்கைக் கதியால் ஊன்றிவிடுங்கள், பாதிக்கு மேல் தளிர்க்கும். கத்தரி, மிளகாய் நாற்றை மேடையில் போட்டு, மேட்டுப்பாத்தியில் நடுங்கள், பள்ளப் பாத்தியில் வேர் அழுகும். மேட்டில் கொஞ்சம் கச்சானும் உழுந்தும் தூவலாம்.

கடைசியாக, வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தால். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்தத் தீவு முழுவதையும் புரட்டிப்போட்டது. ஆகவே இது நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. அடையாள அட்டை, காணிப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இரண்டு பொலித்தீனுக்குள் சுற்றி ஒரு பையில் போட்டு, கதவருகே ஆணியில் தொங்கவிடுங்கள். இடம்பெயர்ந்த அனுபவம் உள்ள அம்மாவுக்கு அந்தப் பையின் அருமை தெரியும். எங்கே போவது, பாடசாலையா கோயில் மண்டபமா மேட்டிலிருக்கும் உறவினர் வீடா என்பதை இப்போதே பேசி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, கிராம சேவையாளரின் எண்ணையும் சேர்த்துச் சுவரில் எழுதுங்கள். போவதென்றால் பகலிலேயே போக வேண்டும், ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் ஏறும் முன். கிளம்பும்போது, யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஒருவர் கொட்டிலுக்குப் போய் மாட்டின் கயிற்றை அவிழ்த்து, ஆட்டுப் பரணின் கதவையும் கோழிக்கூட்டையும் திறந்துவிட்டு வர வேண்டும். கட்டி வைத்த மாடு வெள்ளத்தில் நின்ற இடத்திலேயே சாகும். அவிழ்த்து விட்டால் அது தானே மேட்டைத் தேடிப் போகும்.